கம்பி எங்கே போகிறது? இதயத் துடிப்புச் சிகிச்சைக்கு வரும் நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம். வேலை திருவனந்தபுரத்தில், ஒரு மருத்துவமனையின் இ.பி. லேபில் டெக்னீஷியன். இ.பி. என்றால் எலக்ட்ரோபிசியாலஜி, அதாவது இதயத்தின் மின்சாரத்தைக் கவனிக்கிற பிரிவு. களியக்காவிளை எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு மலையாளம் புரியும். சந்தேகம் மட்டும் தமிழில்தான் வரும். டாக்டர் விளக்கிவிட்டுப் போனதும், "தம்பி நீங்க நம்ம ஊராமே?" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரு இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். லேபில் நான் தினமும் பார்ப்பது ஒன்று உண்டு: கோளாறின் பெயரைவிட, அது இதயத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அக்கம்பக்கம் யார் என்பதுதான் அன்றைய வேலை எப்படிப் போகும் என்று தீர்மானிக்கிறது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இதயத்துல கரண்டு ஓடுதுன்னு சொல்லுறாங்களே, அது எங்க இருந்து வருது?

இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. தலையிலிருந்தும் கையிலிருந்தும் அழுக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரை வலது மேலறையில் சேரும் இடத்தில், சைனஸ் நோட் என்ற சிறு தசைக் கொத்து இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அங்கேதான் கிளம்புகிறது. இதை 1907ல் அறிவித்தவர்கள் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். முதலில் அவர்கள் கண்ணில் பட்டது மனித இதயத்தில் இல்லை. மண்ணுக்குள் வளை தோண்டும் மோல் என்ற சிறு பிராணியின் இதயத்தில்.

மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடக்காத நார்த்திசு வளையம் இருக்கிறது. அதில் கடக்க ஒரே ஒரு வழிதான். அந்த வழியின் வாசலில் இருப்பது ஏ.வி. நோட்; அதைப் பற்றி ஜப்பானிலிருந்து ஜெர்மனி போய்ப் படித்த சுனாவோ தவாரா 1906ல் விளக்கமாக எழுதினார். அதற்கு அடுத்து வளையத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குவது ஹிஸ் கற்றை; 1893ல் வில்ஹெல்ம் ஹிஸ் கண்டது. ஏ.வி. நோட்டை நம்ம களியக்காவிளை சோதனைச்சாவடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு துடிப்பையும் ஒரு கணம் நிறுத்தித்தான் கீழே விடும். அந்தத் தாமதம் இருப்பதால்தான் மேலறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளி முடித்த பிறகு கீழறை சுருங்குகிறது.

எக்கோ எடுத்தாச்சு, ஆஞ்சியோவும் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு இது?

எக்கோவில் சுவரும் வால்வும் தெரியும். ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் அடைப்பு தெரியும். மேலே சொன்ன மின்வழி இரண்டிலும் தெரியாது. அது தசையோடு தசையாகக் கலந்து கிடக்கிறது. எங்கள் லேபின் எக்ஸ்ரே படத்திலும் தெரிவதில்லை. எந்த இடத்தில் எப்போது மின்சாரம் வந்தது என்பதைக் கதீட்டர் என்ற மெல்லிய கம்பியின் நுனியால் தொட்டுத் தொட்டுக் கேட்பதுதான் இ.பி. ஸ்டடி. அந்தக் கோளாறான இடத்தைச் சூட்டாலோ குளிராலோ செயலிழக்கச் செய்வது அப்லேஷன்.

தொடையில குத்துனா எப்படி இதயத்துக்குப் போகும்? கையில குத்தக் கூடாதா?

நம்ம ஊரில் ரத்தக்குழாய்க்கும் நரம்பு, மின்னுணர்ச்சி நரம்புக்கும் நரம்பு. மலையாளத்திலும் அதே குழப்பம்தான், 'ஞரம்பு'. "தொடை நரம்புல குத்துவாங்க" என்று கேட்டுவிட்டு, கால் விளங்காமல் போய்விடுமோ என்று ராத்திரி தூங்காமல் கிடந்தவரைப் பார்த்திருக்கிறேன். குத்துவது சிரையில். கவட்டியில் விரல் வைத்தால் துடிக்கும் தமனி தெரியும். சிரை அதற்கு உட்பக்கம், தொப்புள் பார்த்த திசையில் ஒட்டிக் கிடக்கும். இன்னும் வெளிப்பக்கம் தள்ளித்தான் காலின் உணர்ச்சி நரம்பு. இப்போது பல இடங்களில் அல்ட்ராசவுண்டில் பார்த்தே குத்துகிறார்கள்.

அந்தச் சிரை அகலமானது. அதற்குள் விட்ட கம்பி வயிறு வழியாகப் பெரிய கீழ்ச்சிரையில் ஏறி நேரே வலது மேலறைக்குள் நுழைந்துவிடும். கையில் ஆஞ்சியோ செய்வது தமனியில். அது இடது பக்கத்துக்கும் இதயக் குழாய்களுக்கும் போகிற பாதை. எங்களுக்கு முதலில் வேண்டியது வலது பக்கம், அதுவும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கம்பிகளோடு. அதனால் தொடை.

உள்ள கம்பி நெளியுறது தெரியுமா? வலிக்குமா?

குத்தும் இடத்தில் மரப்பு ஊசியின் கடுப்பு தெரியும். ரத்தக்குழாய்க்குள் கம்பி போவது தெரியாது. இதயத்தில் தொடும்போது நெஞ்சிடிப்பு ஒன்றிரண்டு தாறுமாறாக வரும். சுடும்போது சிலருக்கு நெஞ்சில் எரிச்சல். நீண்ட வேலையென்றால் மயக்கம் கொடுத்துவிடுவார்கள்.

இதயம் இடப்பக்கம்தானே இருக்கு? பிறகு வலது அறை, இடது அறைன்னா எது எங்க?

இது மருத்துவ மாணவர்களையே சுற்ற வைக்கிற கேள்வி. பழைய காலத்தில் இதயத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்துப் பெயர் சூட்டினார்கள். உடம்புக்குள் அது அப்படி நிற்கவில்லை. உதரவிதானத்தின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. அதனால் 'வலது' அறைகள் உண்மையில் முன்னால், மார்பெலும்புக்குப் பின்புறம் இருக்கின்றன. 'இடது' மேலறை எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகெலும்பைப் பார்த்தபடி. அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவே உணவுக்குழல். இந்த உணவுக்குழல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1975ல் வாலஸ் மெக்ஆல்பைன் என்பவர், உடம்பில் இருக்கிற நிலையிலேயே இதயத்தை விவரிக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். கேட்க எளிய விஷயம்தான். ஆனால் கம்பியை 'பின்னால்' தள்ளுங்கள் என்று பழைய பெயரை வைத்துச் சொன்னால், எக்ஸ்ரேயில் அது 'கீழே' போக வேண்டியிருக்கும். அதனால்தான் எக்ஸ்ரே கருவி உங்கள் நெஞ்சைச் சுற்றி வலமும் இடமும் சாய்கிறது. ஒரு சாய்வில் மேலறை எது கீழறை எது என்று பிரியும். மற்றச் சாய்வில் வலது எது இடது எது என்று பிரியும். இரண்டையும் மனதில் சேர்த்துத்தான் கம்பி நுனி எங்கே என்று முடிவுசெய்கிறார்கள்.

எஸ்.வி.டி.ன்னு எழுதியிருக்கு. திடீர்னு வெப்ராளமா அடிக்கும், திடீர்னு நின்னுரும். இத எங்க சுடுவாங்க?

எஸ்.வி.டி. (கீழறைக்கு மேலே பிறக்கும் வேகத் துடிப்பு) என்பது வீட்டுப் பெயர் மாதிரி; உள்ளே பல ஆட்கள். பெரியவர்களில் அடிக்கடி வருவது ஒன்று: ஏ.வி. நோட்டுக்குள் நுழைய வேகமான பாதை, மெதுவான பாதை என இரண்டு இருந்து, மின்சாரம் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. மெதுவான பாதையை அடைத்தால் சுற்று நின்றுவிடும்.

அந்தப் பாதை இருக்கிற இடத்துக்குக் கோக் முக்கோணம் என்று பெயர். வலது மேலறையின் தரைப்பக்கம், ஏறக்குறைய உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவு. ஒரு விளிம்பில் மூவிதழ் வால்வு, இன்னொரு விளிம்பில் தொடாரோ என்ற மெல்லிய நார், அடியில் இதயத்தின் சொந்தச் சிரை திறக்கும் வாய். மேல் முனையில் ஏ.வி. நோட்டும் ஹிஸ் கற்றையும். சுட வேண்டியது அடிப்பக்கம், சிரைவாய் அருகே. சுடவே கூடாதது மேல் முனை. நடுவில் இருப்பது ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர். சின்ன உடம்புக்காரர்களுக்கு அதைவிடக் குறைவு. எனவே முதலில் ஒரு கம்பியை ஹிஸ் கற்றையின் மேல் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் சுடும் கம்பி கீழே இறங்கும்.

சூடு ஏற ஆரம்பித்ததும் திரையில் புதிதாகச் சில துடிப்புகள் கிளம்பும். இடம் சரி என்பதற்கு அது நல்ல அடையாளம். அப்போது என் கண் வேறு எங்கும் போகாது. கீழறை ஒவ்வொரு முறை அடித்ததும் மேலறை உடனே திரும்பி அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒரே ஒரு முறை தவறினாலும் "ஆஃப்" என்று சத்தம் போட வேண்டும், டாக்டரின் கால் பெடலை விட்டு எழ வேண்டும். அந்த முப்பது நாற்பது விநாடியில் யாரும் இருமுவதுகூட இல்லை.

அப்படிச் சுட்டா பேஸ்மேக்கர் வச்சிருவாங்களாமே?

மேல் முனை தப்பித் தவறிச் சூடுபட்டு, சோதனைச்சாவடி நிரந்தரமாக மூடிவிட்டால் பேஸ்மேக்கர் வேண்டிவரும். அனுபவமுள்ள இடங்களில் நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழே. அபாயத்துக்குக் காரணம் மேலே சொன்ன அந்தச் சென்டிமீட்டர் கணக்குதான். சிலருக்கு அந்த இடம் மிக நெருக்கமாக இருந்தால், டாக்டர் சுடாமலே திரும்புவதும் உண்டு. "முடிக்காம விட்டுட்டாரு" என்று வருத்தப்படாதீர்கள். என்னைக் கேட்டால் அது நல்ல கை.

பொறந்ததுல இருந்தே ஒரு வயர் கூடுதலா இருக்குன்னு சொன்னாங்க. மகளுக்குப் பதினாறு வயசு. பயப்படணுமா?

வளையத்தில் கடக்க ஒரே வழி என்று சொன்னேன் அல்லவா? சிலருக்கு இன்னொரு தசை இழை வளையத்தைக் கடந்து கிடக்கும். களியக்காவிளையில் சாவடியில் லாரியை நிறுத்தினால், ரேஷன் அரிசிக்காரன் ஊடுவழியில் நுழைந்து பாறசாலைக்குப் போய்விடுவான் இல்லையா, அப்படி. ஊடுவழியில் தாமதம் கிடையாது. அதனால் கீழறை கொஞ்சம் முந்தி விழித்துக்கொள்ளும். இசிஜியில் அது ஒரு சரிவாகத் தெரியும். 1930ல் வுல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூவர் எழுதியதால் டபிள்யூ.பி.டபிள்யூ. என்று பெயர்.

பலருக்குத் தொந்தரவே இருக்காது. சிலருக்குச் சுற்று உண்டாகி நெஞ்சிடிப்பு வரும். மேலறை தாறுமாறாக ஓடும் நேரத்தில் ஊடுவழி அத்தனையையும் கீழே விட்டுவிட்டால்தான் உயிராபத்து. அரிது, ஆனால் அதற்காகத்தான் இளம் வயதிலேயே சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஊடுவழி வளையத்தில் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. அதிகமாகக் காண்பது இடது பக்க வெளிச்சுவரில். அங்கே போவது சுற்றுவழி, ஆனால் போய்விட்டால் சுட எளிது. சிலருக்கு ஹிஸ் கற்றையின் தோளோடு தோளாக இருக்கும். அங்கே மேலே சொன்ன பயம் எல்லாம் இரட்டிப்பு. சூட்டுக்குப் பதில் குளிரால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். குளிர் பாதியில் நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது அதன் வசதி.

இடப்பக்கம் போகணும்னா இதயச் செவர்ல ஓட்ட போடணுமாம்! அது பிறகு மூடுமா?

இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. தாயின் வயிற்றில் இருக்கும்போது வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்கு எல்லோருக்கும் ஒரு திறப்பு இருந்தது. பிறந்த பிறகு கதவு சாத்திக்கொள்ளும். அந்தத் தடம் ஒரு குழியாக மிஞ்சும். நாலில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுக்க ஒட்டாமலே இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். நாங்கள் குத்துவது அந்தக் குழியில்தான்.

இரண்டு மேலறைக்கும் நடுவே நீளமான சுவர் இருப்பதாகப் படத்தில் தெரியும். உண்மையில் அதில் பெரும்பகுதி சுவரே இல்லை. வெளித்தசை உள்ளே மடிந்து, நடுவில் கொழுப்போடு கிடக்கும் மடிப்பு. அங்கே குத்தினால் ஊசி இதயத்துக்கு வெளியே போய்விடும். முன்பக்கம் தவறினால் மகாதமனி. பதப்படுத்திய இதயம் ஒன்றைத் திறந்து விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார்கள் ஒருமுறை: குழி மட்டும் எண்ணெய்க் காகிதம் மாதிரி வெளிச்சம் விட்டது, சுற்றிலும் இருட்டு. ஊசி போகலாம் என்பது அந்த வெளிச்சத்துக்குள் மட்டும். அதனால் உள் அல்ட்ராசவுண்டில், ஊசி நுனி அந்தச் சவ்வைக் கூடாரம் போல இடது பக்கம் தள்ளுவதைப் பார்த்த பிறகே அழுத்துவார்கள்.

சரி, மூடுமா? பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானே மூடிவிடுகிறது. குத்துவது வேண்டாமென்றால் தமனி வழியாக மகாதமனி வால்வைத் தாண்டிப் பின்வழியாகப் போகலாம். கீழறைப் பக்க வேலைகளுக்கு அது ஒத்துவரும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொன்னாங்க. இதயத்துல வியாதின்னுட்டு நுரையீரல் நரம்பைச் சுடுறாங்களே?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் மேலறை தாறுமாறாகத் துடிப்பது. நுரையீரலிலிருந்து சுத்த ரத்தம் கொண்டுவரும் சிரைகள் சாதாரணமாக நான்கு, இடது மேலறையின் பின்சுவரில் திறக்கின்றன. மேலறைத் தசை அந்த வாயோடு நிற்காமல் சட்டைக் கை போலச் சிரைக்குள் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும். 1998ல் பிரான்சின் போர்டோ நகரத்தில் மிஷெல் ஹைசாகேர் குழு 45 நோயாளிகளில் கோளாறான துடிப்பு கிளம்பும் இடங்களைத் தேடியது. கிடைத்த 69 இடங்களில் 65 இந்தச் சிரைகளுக்குள். அதுவரை மேலறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவர்கள் சிரை வாசலுக்கு வந்தார்கள்.

முதலில் சிரைக்குள்ளேயே போய்ச் சுட்டார்கள். ஆறும்போது சிரை சுருங்கி மூச்சுத் திணறல் வந்தது. அதனால் இப்போது வாசலுக்கு வெளியே வட்டமாக வேலி போடுவது வழக்கம். உள்ளே துடிப்பு வந்தாலும் வேலி தாண்டாது. ஆனால் எல்லோருக்கும் நான்கு வாசல் இல்லை. சிலருக்கு இடது பக்கம் இரண்டும் சேர்ந்து ஒரே வாசல். சிலருக்கு வலது பக்கம் மூன்றாவதாகக் குட்டிச் சிரை ஒன்று. பலூன் வைத்துக் குளிரால் உறைய வைக்கும் முறையில் வாசலின் வடிவத்துக்குப் பலூன் பொருந்த வேண்டும். முன்கூட்டியே சி.டி. எடுக்கச் சொல்வது பெரும்பாலும் இதற்காக. "இதயத்துக்குத்தானே, எதுக்கு சி.டி.?" என்று செலவை நினைத்துக் கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

உணவுக்குழல்ல ஓட்டை விழுந்து ஆள் செத்துப்போனதா யூடியூப்ல பாத்தேன். நிஜமா?

நடக்கக்கூடியதுதான், மிக அரிது. இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர்தான். அதற்கு ஒட்டிப் பின்னால் உணவுக்குழல். நம்ம ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவர் யாரையாவது கேளுங்கள். பட்டையில் கத்தி ஆழம் போதாவிட்டால் பால் ஒழுங்காக வராது. ஆழம் கூடி உள்கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டு கட்டிவிடும். இங்கேயும் சூடு சுவரின் மறுபக்கம் வரை போனால்தான் வேலி நிற்கும். மறுபக்கத்தையும் தாண்டினால் ஆபத்து. அதனால் பின்சுவரில் சக்தியைக் குறைத்துக் கொஞ்ச நேரமே சுடுவார்கள், உணவுக்குழலில் வெப்பமானிக் குழாய் ஒன்றும் இருக்கும். இப்போது வந்திருக்கும் மின்துடிப்பு முறை இதயத் தசையைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. உணவுக்குழல் அதில் தப்பிக்கிறது.

இதை மட்டும் மறக்காதீர்கள்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷன் முடிந்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் பலக்குறைவு எது வந்தாலும் செய்த மருத்துவமனைக்கே போன் செய்யுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக நேர்ந்தால் அப்லேஷன் செய்ததை முதலில் சொல்லுங்கள். அவசரப்பட்டு எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது, காற்று உள்ளே போய் நிலைமையை மோசமாக்கும், நெஞ்சு சி.டி.தான் முதலில்.

இன்னொரு அண்டை வீட்டுக்காரர் உதரவிதான நரம்பு. (இது நிஜ நரம்பு.) வலது மேல் நுரையீரல் சிரைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. அந்தச் சிரையைக் குளிர வைக்கும்போது நரம்பை மின்சாரத்தால் தட்டிக்கொண்டே இருப்போம். நோயாளியின் வலது விலாவுக்குக் கீழே ஒருவர் கை வைத்திருப்பார், பெரும்பாலும் நான். விக்கல் மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் வயிறு கையில் முட்டும். முட்டு லேசாகிறது என்று தோன்றியதும் சொல்லிவிட வேண்டும். குளிரை நிறுத்தினால் நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும்.

எனக்கு ஃப்ளட்டர்னு சொன்னாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. வழக்கமான ஃப்ளட்டர் வலது மேலறையில், மூவிதழ் வால்வைச் சுற்றி ஒரே தடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை ஓடும். சாவடி பாதியைத் தடுப்பதால் நாடியில் 150. வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான தரை இருக்கிறது, சுற்று அதைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே குறுக்கே கோடு கிழித்தால் முடிந்தது. செப்டம் (மேலறைகளின் நடுச்சுவர்) குத்துவது வேண்டாம், உணவுக்குழல் பயம் இல்லை. சிலருக்கு அந்தத் தரை மேடுபள்ளமாக, பை போல இருக்கும்; அன்றைக்குத்தான் நேரம் இழுக்கும்.

கீழறையில இருந்து எக்ஸ்ட்ரா அடி வருதாம். சுடுறதுக்கு முன்னாடி ஆஞ்சியோ எதுக்கு?

இந்த எக்ஸ்ட்ரா அடிகள் பலவும் கீழறை ரத்தம் வெளியேறும் வாயிலில் பிறக்கின்றன. வலது கீழறையின் வாயில் முன்னால் வந்து, இடது கீழறையின் வாயிலைக் குறுக்கே அணைத்துக்கொண்டு இடப்பக்கம் போகிறது. (வலது என்பது முன்னால் என்று சொன்னது நினைவிருக்கிறதா?) ஒரு சுவரின் இரு பக்கம் போல இருப்பதால், வலப்பக்கம் சுட்டு நிற்காத அடி, மகாதமனி வால்வின் இதழ்க் கிண்ணத்துக்குள் போய்த் தொட்டதும் நிற்பது உண்டு. அந்தக் கிண்ணத்துக்கு மேலேதான் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனிகளின் வாய். எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்று பார்க்கவே ஆஞ்சியோ. மிக அருகில் என்றால் கை வைக்க மாட்டார்கள்.

எனக்கு சித்ரா வால்வு வச்சு இருபது வருஷம் ஆச்சு. எனக்கும் இது செய்யலாமா?

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட வால்வு அது. நம்ம ஊர்ப்பக்கம் நெஞ்சில் 'டிக் டிக்' சத்தத்தோடு நடமாடுகிறவர்கள் பலர் உண்டு. உள்ளே இருப்பது சாய்ந்து சாய்ந்து மூடும் ஒற்றைத் தட்டு. இப்படிப்பட்ட உலோக வால்வுகளைக் கம்பி கடக்கக் கூடாது. தட்டில் சிக்கினால் வால்வே செயலிழக்கும்.

எனவே வழிதான் கேள்வி. வால்வு மகாதமனியில் இருந்தால் பின்வழி அடைப்பு, செப்டம் வழி திறந்திருக்கிறது. வால்வு மைட்ரல் இடத்தில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே) இருந்தால் இடது மேலறைக்குள் வேலை செய்யலாம், வால்வைத் தொடாமல். இரண்டு இடத்திலும் இருந்தால் இடது கீழறைக்குள் வழக்கமான வழி இரண்டும் அடைபட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

பேஸ்மேக்கர் ஏன் இடது தோள்ல வைக்கிறாங்க? எங்க மாமனாருக்கு மட்டும் வலப்பக்கம் வச்சிருக்கு.

வலது கையால் வேலை செய்கிறவர்கள் அதிகம், அது ஒரு காரணம். இடது தோள் சிரையிலிருந்து இதயத்துக்கு வளைவு இதமாகவும் இருக்கும். ஆனால் சிலருக்குக் கருவிலேயே மறைய வேண்டிய இடது பெருஞ்சிரை ஒன்று மறையாமல் தங்கிவிடும். கம்பி போனால் எக்ஸ்ரேயில் முதுகெலும்புக்கு இடப்பக்கமாகவே இறங்கி, இதயச் சிரைவாய் வழியாகப் பின்பக்கமிருந்து மேலறைக்குள் வரும். அங்கிருந்து கீழறைக்குத் திருப்புவது பெரும்பாடு. உங்கள் மாமனாருக்கு என்ன காரணம் என்று அவர் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கம்பி நுனி உட்காரும் இடம் இன்னொரு விஷயம். வலது கீழறையின் கூர்முனைச் சுவர் மெல்லியது, அதிகம் அழுத்தினால் துளைத்துவிடும். நடுச்சுவர் பக்கம் தடிமன் உண்டு. இப்போது அதற்குள்ளேயே கம்பியைத் திருகி, இடது மின்கற்றையைத் தொட்டுத் துடிக்க வைக்கிறார்கள். ஒரு காலத்தில் கேரளக் கடலோரத்தில் நிறையக் கண்ட எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் வந்தவர்களுக்கோ, கீழறையின் முனையே நாரால் அடைந்து, மேலறை பலூனாக ஊதியிருக்கும். கம்பிக்கு உட்கார இடமே இருக்காது. கடல்மணலில் கிடக்கும் மோனசைட் என்ற கனிமத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டோ என்று திருவனந்தபுரத்தில் ஆராய்ந்தார்கள்; மணவாளக்குறிச்சி மணல் தெரிந்தவர்களுக்கு அது புரியும். நோய் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

எனக்கும் தம்பிக்கும் ஒரே வியாதி. அவனுக்கு ஒண்ணரை மணி நேரம், எனக்கு அஞ்சு மணி நேரம். டாக்டருக்குக் கை சரியில்லையா?

வியாதியின் பெயர்தான் ஒன்று. ஊடுவழி அவருக்குக் கை எட்டும் இடத்தில் இருந்திருக்கும், உங்களுக்கு ஹிஸ் பக்கத்தில். அல்லது சிரைவாய் அகலம், அல்லது குழியின் சவ்வு தடிப்பு, அல்லது தரையில் பை. கணினித் திரையில் நிறம் நிறமாக வரும் முப்பரிமாணப் படம் உதவுகிறது. ஆனால் அந்தப் படம் கம்பி தொட்ட இடங்களை மட்டும் வைத்து வரைந்தது, தொடாத மூலையைக் கணினி தானே இட்டு நிரப்பிவிடும். அந்த மூலையைத் தேடித்தான் அஞ்சு மணி நேரம்.

மலையாளத்துல எழுதுன பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லுறாங்க. என்ன கேட்கணும்?

எனக்கும் இதில் வருத்தம் உண்டு. நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பருக்கு முன்பே பள்ளிக்கூடம் போன தாத்தாமார் மலையாளம் வாசிப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், தமிழ்ப் படிவம் வேண்டும் என்று இரண்டு வருஷம் சொல்லியும் வரவில்லை. வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: வலது பக்கமா இடது பக்கமா? செப்டம் குத்துவீர்களா? சுடும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வரும்போது என்ன கொண்டு வரணும்?

நெஞ்சிடிப்பு வந்த நேரத்தில் எடுத்த இசிஜி. மற்றக் கோப்பெல்லாம் அப்புறம். அந்த ஒரு தாளில் பன்னிரண்டு கோணத்திலிருந்து பார்த்த பதிவு இருக்கிறது. எந்த அறையில், எந்தச் சுவரில் கோளாறு என்று கம்பி விடும் முன்பே டாக்டர் ஊகிப்பது அதை வைத்துத்தான். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ சின்ன கிளினிக்கில் எடுத்ததாக இருந்தாலும் சரி, அதை விடாதீர்கள். எடுத்த அன்றே போனில் படம் பிடியுங்கள், ஒரு ஜெராக்ஸ் எடுங்கள்.

லேமினேஷன் மட்டும் வேண்டாம். அந்தத் தாள் சூட்டில் கறுக்கும் தாள். போன மாதம் ஒரு பெரியவர், மூன்று வருஷம் முன்பு எடுத்தது, பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். பையிலிருந்து பயபக்தியோடு எடுத்து நீட்டினார்: முழுக்கக் கறுப்பு. "இதுல தெரியுதா தம்பி?" என்றார்.